மல்லாட்டைக் கொல்லையில் ஒரு சி.டி.

இன்று காலை லேப்டாப் தன்பாட்டுக்கு அப்டேட் ஆகிவிட்டது. பதினொரு நாளாக 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிக்கொண்டே வந்தவன் நான். பல்கூடத் துலக்காமல் ஒரு பாட்டைப் போட்டேன். சத்தம் வந்தது. அப்படியும் மனசு ஆறாமல் இன்னும் இரண்டு பாட்டுப் போட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டபின், திருவண்ணாமலையில் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊரைச் சுற்றிப் போடும் விளம்பரங்களைப் பதிவு செய்யும் கடையில் வேலைக்கு இருந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் மலர் அக்காதான் எங்கள் குரல். அவர் பேசியதில் மூச்சு வாங்கும் இடங்களை வெட்டியெடுப்பது என் வேலை.

ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள் கடைக் கம்ப்யூட்டருக்குப் புது ஓ.எஸ். போட்டார்கள். அவ்வளவுதான், சத்தம் போய்விட்டது. சாயங்காலம் அன்னதான அறிவிப்பு கிளம்பியாக வேண்டும். சர்வீஸ்காரர் போனில், "சவுண்டு கார்டோட டிரைவர் சி.டி. இருக்குதுங்களா? அத போட்டாதான் பேசும்" என்றார்.

பழசுதானே என்று அந்த சி.டி.யை அக்காவிடம் கொடுத்ததே நான்தான். காக்கா விரட்ட அவர் கடலை வயலில் கட்டியிருந்தார். ஓனருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

"ஏன்டா மூஞ்ச தூக்கி வெச்சினு இருக்கற? மல்லாட்டக் கொல்லையிலதான் தொங்குது. போய் அவுத்துனு வரேன்."

"பஸ் கிடைக்குமாக்கா?"

"நீ கவலப்பட்டா சீக்கிரம் வந்துடுமா?"

மூன்று மணிக்கு ஓடிவந்தார். கட்டிய நூல்கூட அவிழவில்லை, கடலைச் செடி வாசனை வேறு. சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துப் போட்டோம். மூன்றாவது தடவைதான் சுழன்றது. 'பழைய ஓ.எஸ்.ஸுக்கானது' என்று அடம்பிடித்தது. பழைய ஓ.எஸ். போலவே நடந்துகொள்ளச் சொல்லும் வசதியைத் தேடிப்பிடித்துத் தட்டினேன். சத்தம் வந்தது.

வெட்ட நேரமில்லை. அக்கா இரைக்க இரைக்கப் பேசியது அப்படியே ஊரைச் சுற்றியது.

"இன்னாம்மா, மலைய சுத்திட்டு நேரா மைக்குக்கு வந்துட்டியா?" என்றார் ஓனர். "சி.டி. எங்க கெடந்துச்சு?"

"நான்தான் சார் கேக்காம எடுத்துனு போயிட்டேன்." அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது அந்தக் கடை இல்லை. அக்கா மகளோடு ஓசூரில். ஆட்டோக்களில் மெஷின் குரல்தான். அன்னதான அறிவிப்பின் ஃபைல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அந்தக் காலத்து சாஃப்ட்வேரில் சேமித்தது. பெயரும் தேதியும் தெரிகின்றன. தட்டினால் திறப்பதில்லை.