ஒரு விரல் பெரிய மட்கார்டு

அந்த மார்கழி மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் கூடத்தில் வெள்ளை வெளேரென்று ஒன்று குறுக்கே கிடந்தது. கார் மட்கார்டுக்காக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த அச்சு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் பார்த்துவிட்டு, "யானைக் குட்டிங்களாம்மா?" என்றார். அதைச் சுற்றிக்கொண்டுதான் நான் அடுப்படிக்குப் போக வேண்டும். இரண்டு முறை முட்டியில் இடித்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். செய்தவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர், எங்களோடுதான் இருக்கிறார். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் அச்சு செய்தார். ஊறுகாய் ஜாடியானாலும் சரி, கரண்ட் கம்பத்துப் பீங்கானானாலும் சரி, அண்ணியின் கையில் அச்சு பிறந்த பிறகுதான் மற்றவர்கள் மண்ணைத் தொடுவார்கள்.

கம்பெனியை மூடிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. முதலாளியும் காலமாகிவிட்டார். இடத்தை விற்றுவிட்ட அவர் மகள் புதுச்சேரியிலிருந்து போன் செய்து, பழைய அச்சு ஏதாவது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பின்கொட்டகையில், ஜாடி அச்சுகளுக்குப் பின்னால் கிழிந்த தார்ப்பாய் ஒன்று எதையோ மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தால், கூரையே இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னக் கார். மேலெல்லாம் மண்தூசி படிந்து விபூதி பூசிய மாதிரி இருந்தது. "ஐயோ, இங்கியா இருக்குது! இத வித்துட்டாங்கன்னு இல்ல நெனைச்சேன்" என்ற அண்ணி அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதினெட்டு வயதில், மண் பிசையும் மெஷினில் அண்ணியின் வலது கை மாட்டிக்கொண்டதாம். ஆம்புலன்ஸ் எல்லாம் கனவிலும் கிடையாது. முதலாளி இந்தக் காரில் அவரைத் தூக்கி உட்கார வைத்துக் கடலூருக்குப் பறந்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் விரல்களை எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். "இந்தக் கையால நான் தின்ன ஒவ்வொரு வேளைச் சோத்துக்கும் இதுக்குப் பங்கு உண்டும்மா" என்று அந்தக் காரின் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அண்ணி கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அதற்குள் முதலாளியின் மகள் சென்னையிலிருந்து பழைய கார்கள் வாங்கும் ஒருவரை வரவழைத்துக் காட்டியிருந்தார். இங்கிலாந்தில் கையாலேயே அடித்துச் செய்த ரேஸ் கார், அந்த வகையில் முதன்முதலில் வந்த சிலவற்றில் ஒன்று, நம் பக்கத்தில் இன்னொன்று இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றாராம். ஆனால் ஏதோ ஒரு புயலில் கூரை விழுந்து, முன்பக்கத்து வலது மட்கார்டு நசுங்கிப்போய், அந்த அலுமினியத்தை யாரோ கழற்றிப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். மூஞ்சியில் பாதி இல்லாத காரை என்ன செய்வது? பொங்கல் கழிந்ததும் லாரி கொண்டு வந்து, பிரித்து, பாகம் பாகமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அண்ணி உடனே போன் போட்டார். "பிரிக்காதீங்கம்மா, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். நான் முழுசாக்கித் தரேன்." அந்த அம்மா, "லாரி வர்ற அன்னிக்கு அது முழுசா நின்னு, ஓடவும் ஓடுச்சுன்னா பிரிக்கல" என்று சொல்லியிருக்கிறார்.

பொங்கலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபிட்டர். ஜங்ஷனில் டீசல் இன்ஜினைப் பிரித்து மேய்கிறவர். அக்கா சொல்லைத் தட்டத் தெரியாத மனுஷன். டியூட்டி முடிந்து நேராகக் கொட்டகைக்குப் போய்விடுவார். பெட்ரோல் டேங்கில் துரு, பிரேக்கில் ரப்பர் இல்லை, இன்ஜின் இறுகிப்போயிருந்தது. டேங்கைக் கழுவி, பிரேக்குக்கு ரப்பர் தேடிப் போட்டார்; இன்ஜினில் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து அசைத்தே அதைச் சுற்றவைத்தார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு போய்க் கத்திவிட்டு வருவேன். மட்கார்டு வேலை அண்ணிக்கு. நல்லபடியாக இருந்த இடது பக்கத்தின் வளைவுக்கு அளவு அட்டை வெட்டி, அதையே திருப்பிப் போட்டு, கூடத்தில் அந்த வெள்ளை யானையைச் செதுக்கினார். லாரி பாடி கட்டும் பட்டறையில் டிங்கர் வேலை பார்க்கும் பாய், அலுமினியத் தகட்டை எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்து அச்சின் மேல் வைத்து வைத்துப் பார்த்து, பத்து நாள் அடித்தார். போகிப் பண்டிகை அன்று கொண்டுவந்து காரில் பொருத்தினோம்.

இடது பக்கத்தைவிட வலது பக்கம் நன்றாக ஒரு விரல் பருமனாக இருந்தது. பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "அச்சு மேல ஒக்காரவச்சுப் பாருங்க, நூல் பிசகல! அக்கா, உங்க அச்சுதான் பெருசு" என்றார். அண்ணி மட்கார்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு தலையில் அடித்துக்கொண்டார். மண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். அதனால் பீங்கானுக்கு எப்போதும் அச்சைக் கூட்டித்தான் செய்வார்கள். இத்தனை வருஷமும் அவர் கத்தி கோட்டுக்கு வெளியேதான் போயிருக்கிறது. "தகடு சுருங்காதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இந்தப் பாழாப்போன கைக்குத் தெரியலியே!" திரும்ப அடிக்க நாளும் இல்லை, தகடும் இல்லை. அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பானை பொங்கியது, யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

லாரி காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் வந்தது. முதலாளியின் மகளும் சென்னைக்காரரும் கூடவே வந்தார்கள். என் வீட்டுக்காரர் சாமியைக் கும்பிட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தார். இரண்டு தடவை இருமிவிட்டு, மூன்றாம் தடவை கொட்டகை அதிரப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சென்னைக்காரர் சுற்றிச் சுற்றி வந்து, "பிரமாதம்" என்றார். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நான் அண்ணியின் முழங்கையைக் கிள்ளி, "சொல்லித் தொலைக்காதீங்க" என்று காதில் முணுமுணுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். "சார், இந்த வலதுகைப் பக்கம் நான் பண்ணது. ஒரு விரல் பெருசா இருக்குது. தப்பு எம்மேலதான். முழுசு இல்லன்னு நீங்க சொன்னா நான் ஒத்துக்கறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சென்னைக்காரர் டேப்பை எடுத்து அளந்தார். ஆமாம், ஒரு விரல். பிறகு என்ன தோன்றியதோ, இரண்டு கதவுகளையும் அளந்தார், பின்பக்கத்து மட்கார்டுகளையும் அளந்தார். யாரும் தொடாத பாகங்கள் அவை. கதவில் முக்கால் விரல் வித்தியாசம், பின்னால் ஒரு விரலுக்கும் மேலே. "கையால அடிச்ச வண்டிம்மா. அங்க செஞ்சவங்களுக்கும் ரெண்டு பக்கம் ஒண்ணா வரல" என்று சிரித்தார். முதலாளியின் மகள் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பிரிக்கல. என் வூட்டுலயே இருக்கட்டும்" என்றார். அண்ணி ஓவென்று அழுதுவிட்டார்.

இப்போது அந்தச் சென்னைக்காரர் வருஷத்துக்கு ஒன்றிரண்டு வேலையாவது அண்ணிக்கு அனுப்புகிறார். கோயம்புத்தூர், பெங்களூர் என்று எங்கெங்கோ கிடக்கும் கார்களின் மூக்கும் முழியும் எங்கள் கூடத்தில் உருவாகின்றன. அண்ணி கோட்டுக்கு உள்ளே வெட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். நான்தான் இன்னும் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போகக் கற்றுக்கொள்ளவில்லை.

அன்று காரைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோக லாரியில் ஏற்றப் பலகை சாய்த்தார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே போய் நின்றார். "ஓடுற வண்டிய எதுக்கு சாமான் மாதிரி தூக்கிட்டுப் போறீங்க? ஓட்டிட்டுப் போங்கம்மா." முதலாளியின் மகள் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு ரோட்டுக்கு வந்தார்கள், ஆட்டோக்காரர்கள் ஓரங்கட்டினார்கள். கார் கடலூர் ரோட்டில் திரும்பிப் போனது. அதை அள்ளிப்போக வந்த லாரி, வெறும் லாரியாக, அதன் பின்னாலேயே போனது.