ஒடிந்த காலுக்குக் கொடுத்த எடை

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, வாழைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு காலனி. காலை பத்து மணிக்கே கதவுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. ஒரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் கயிற்றுக் கட்டில் போட்டு, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி அந்தத் தெருவின் குழந்தைகள் எல்லாம் தவழ்ந்துகொண்டும் அழுதுகொண்டும் கிடந்தன. கணக்கெடுப்புக்காக என்னோடு அங்கே வந்திருந்த சூப்பர்வைசர் அக்காவை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

அக்கா என்றாலும் என்னைவிட அதிகம் மூத்தவர் இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். களத்தில் ஆட்களை மேய்ப்பது அவர் வேலை, வந்த பதில்களை வைத்துக் கணக்குப் போடுவது என் வேலை. வேலைக்குப் போகும் தாய்மார் அதிகமுள்ள இடங்களில் குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகம் திறக்கப் போகிறார்கள், அதற்கான கணக்கெடுப்பு அது. கடந்த வாரம் வேலைக்குப் போனீர்களா என்று கேட்டதற்கு அந்தப் பெண் காலைக் காட்டி, எங்கே போவது என்றார். அக்கா 'இல்லை' என்று குறித்துக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது அவரே கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சர், நான் ஒருத்திதேன் இப்பிடிக் கெடக்கேன். மத்தவ எல்லாம் சித்தாள் வேலைக்கும் களையெடுக்கவும் போயிட்டாளுக. என்னைய வச்சு இந்தக் காலனியே சும்மா கெடக்குன்னு எழுதிப்புடாதீக. காலு சரியானா நானும் போயிருவேன். அப்பறம் இதுகள யாரு பாப்பா?"

கடைசியில் அப்படித்தான் எழுத இருந்தோம். கணக்கெடுப்பில் எல்லா வீடும் பதில் தருவதில்லை. பத்து வீட்டில் ஐந்து வீடு பேசினால், அந்த ஐந்தில் ஒவ்வொன்றையும் இரண்டு வீடாக எண்ணுவோம். எடை போடுவது என்று அதற்குப் பெயர். இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. பூட்டிய வீட்டுக்காரர்களும் பேசிய வீட்டுக்காரர்களைப் போன்றவர்கள்தான் என்று நம்பிச் செய்கிற வேலை. அந்தக் காலனியில் பேசியது ஒரே வீடு. அதனால் மொத்தக் காலனியின் எடையும் அந்த ஒடிந்த காலின் மேல் ஏறியது. அங்கே ஒரு தாய்கூட வேலைக்குப் போகவில்லை, காப்பகம் தேவையில்லை என்று என் கம்ப்யூட்டர் முடிவு சொன்னது.

அக்கா அதைப் பார்த்துவிட்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனார், நானும் பின்னால் போனேன். இயக்குநர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். பதில் வராத வீடுகளுக்காகத்தானே எடை போடுகிறோம், களவேலைக்கான நாளும் முடிந்துவிட்டது, ஜீப்பும் போய்விட்டது என்றார். "எல்லாருக்குமா சார் காலு ஒடிஞ்சிருக்கு?" என்று அக்கா கேட்டார்.

அன்று சாயங்காலமே அக்கா தன் ஸ்கூட்டியை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஷேர் ஆட்டோவிலிருந்து பெண்கள் இறங்கினார்கள், தலைமுடியெல்லாம் சிமெண்டுத் தூசி. கட்டிலைச் சுற்றியிருந்த குழந்தைகளை அள்ளிக்கொண்டு, உலை வைத்தபடியே பதில் சொன்னார்கள். காலையில் பூட்டிக் கிடந்த கதவு ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் வேலை இருந்தது.

மறுநாள் அந்தத் தாள்களை இயக்குநர் மேசையில் வைத்தோம். தேதி கடந்தவற்றைச் சேர்க்க முடியாது என்றார். சேர்க்காவிட்டால் களவேலை சரி என்று கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் அக்கா. அப்படியானால் அடுத்த கணக்கெடுப்புக்கு அழைப்பு வராது என்றார் இயக்குநர். ஒப்பந்த வேலையில் அழைப்பு வராது என்றால் சோறு போச்சு என்று அர்த்தம். அக்கா மேசையை விட்டு நகரவில்லை.

"கூப்பிட வேணாம் சார். இத மட்டும் சேத்துக்கங்க."

சேர்த்துக்கொண்டார். காலனிக்குக் காப்பகம் வந்தது, அக்காவுக்கு அழைப்பு வரவில்லை. அதற்காக எனக்கு இன்றைக்கும் கோபம்தான், அது ஆறுவதாக இல்லை.

இப்போது கையெழுத்துப் போடும் நாற்காலியில் நான் இருக்கிறேன். காகிதம் போய் டேப்லெட் வந்துவிட்டது. பூட்டிய வீடு மட்டும் பூட்டியே இருக்கிறது. போன வாரம் வில்லாபுரத்தில் ஏறக்குறைய ஒரு தெருவே பூட்டிக் கிடந்ததாகத் தகவல் வந்தது. திறந்திருந்த வீடுகளில் எல்லாம் ஓய்வுபெற்றவர்கள். மேலிடத்திலிருந்து போன் வந்தது, எடையைப் போட்டு இன்றைக்கே அனுப்புங்கள் மேடம் என்றார்கள். எடை போட எனக்குத் தெரியும், அவர்களைவிட நன்றாகவே தெரியும். பூட்டிய வீட்டு ஆட்களைப் பார்க்காமல் போடமாட்டேன் என்றேன். உங்கள் ஒப்பந்தமும் அடுத்த மாதம் முடிகிறதே என்று அந்தப் பக்கம் மெதுவாக நினைவூட்டினார்கள்.

முடியட்டும் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வில்லாபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.