லாக் விழும் சத்தம்

“கேட்டுச்சா?” என்றார் அத்தை.

“என்னது?” என்றார் ரொட்டி விற்பவர். அவருடைய சைக்கிளின் பெடல்மீது அத்தையின் ஒரு கால் இன்னும் இருந்தது.

“டக்குனு ஒரு சத்தம்.”

“மிதிச்சது நீங்க. உங்களுக்குக் கேக்கலையா?”

“எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்குக் கேட்டுச்சான்னுதான் கேட்டேன்.”

“ஏதோ கேட்ட மாதிரிதான் இருந்துச்சுக்கா.”

“மாதிரியெல்லாம் வேணாம். கேட்டுச்சா, இல்லையா?”

“கேட்டுச்சு தாயே, நல்லாவே கேட்டுச்சு. ரொட்டி காஞ்சு போகுது, ஆளை விடுங்க.”

அத்தை விட்டார். ஆனால் ரொட்டிக்காரர் தெருமுனையில், சரிவு தொடங்கும் இடத்தில், லாரிக்கு வழிவிட்டு நின்றபோது, செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடிப்போய் சைக்கிளை மறித்தார். நடுத்தெருவில் குந்தி செயினைப் பார்த்தார். செயினின் இரு முனைகளையும் பூட்டும் லாக் சரியாகத்தான் விழுந்திருந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர், தம் சைக்கிள் ரிப்பேர் கடை மூலையில் புத்தகத்தோடு இருந்த அண்ணன் மகளிடம், “கூடையைச் சரியாக் கட்டல அந்தாளு. அதச் சொல்லத்தான் போனேன்” என்றார். அவள் தலையாட்டினாள். அத்தை வீட்டு மாடியில் தங்கி வேலைக்குப் போய்வருகிறவள். வாயைத் திறந்து எதையும் கேட்டுவிடமாட்டாள்.

அத்தை உட்கார்ந்து பார்த்தவர்கள் யாருமில்லை. கடையில் இருக்கும் ஒரே முக்காலியில் கிரீஸ் டப்பாதான் உட்கார்ந்திருக்கும். டீ வந்தால் ஒரு வாய் குடித்துவிட்டுக் காற்றுப் பம்பின் பக்கம் வைப்பார், பிறகு அது ஆறி ஆடை படிந்த பின் கடை முழுக்கத் தேடுவார். வேலை இல்லாத நேரத்தில் பெருக்கிய தரையையே மறுபடி பெருக்குவார். தொங்கவிட்ட சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு, நிற்கும்வரை பொறுக்காமல் கையால் நிறுத்துவார். “கை சும்மா இருந்தா மண்டை கண்டதையும் மேயப் போயிடுது” என்பார்.

செயின் அறுந்து ஒரு சைக்கிள் வந்துவிட்டால் மட்டும் அந்தக் கைகள் நிதானத்துக்கு வரும். பழைய ஸ்போக் கம்பியை வளைத்துச் செய்த கொக்கியால் செயினின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து வைப்பார். லாக் என்பது நகத்தளவுள்ள இரண்டு தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஊசி, ஒரு பள்ளம். எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து இரண்டையும் செருகி, லாக் மேலே வரும்வரை பெடலைச் சுழற்றி, பின் பிரேக்கை இறுக்கிக்கொண்டு ஓங்கி ஒரு மிதி. டக்! ஊசிகள் பள்ளத்தின் கடைசிக்குப் போய் உட்கார்ந்துவிட்டன என்று அர்த்தம். அந்தச் சத்தம் வராவிட்டால் ஊசிகள் பாதி வழியில் நிற்கின்றன. வண்டி நிறைந்த சாலையில் யாரோ எழும்பி மிதிக்கும்போது செயின் பிரிந்து, கால் வெறும் காற்றில் இறங்கும்.

“கண்ணை நம்பக்கூடாது. கிரீஸ் மூடிக்கிட்டா பாதியில நிக்கறதும் பூட்டினதாட்டம்தான் தெரியும். காதுதான் சாட்சி” என்பார் அத்தை.

லாக்குகளைப் போட்டு வைத்திருப்பது மாமாவின் மாத்திரை டப்பாவில். கிழமைக்கு ஓர் அறை. செயினின் அகலத்துக்கு ஏற்ப ஒவ்வொரு அறையிலும் ஓர் அளவு. “மெல்லிசு செயினா? வியாழக்கிழமையை எடு” என்று அத்தை சொன்னால் புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். மாமா தம் மாத்திரைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார். சாப்பிட வரச் சொல்லி மாடியிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய், கடைசியில் படியிறங்கி வந்து, “ஊரார் செயினுக்கெல்லாம் எண்ணெய் விடறே. உன் காதுலயும் ரெண்டு சொட்டு விட்டுக்கயேன்” என்பார். அத்தை சிரிப்பார். சிரித்த கையோடு அன்று கட்டிய சைக்கிள்களையெல்லாம் மறுபடி ஒருமுறை மிதித்துப் பார்ப்பார்.

டீச்சரம்மாவின் சைக்கிளில்தான் அது நடந்தது. அத்தை மிதித்தார், “விழுந்துடுச்சு” என்றார், கையைத் துடைத்தார். மூலையில் இருந்த அண்ணன் மகளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவள் எழுந்து போய்த் தன் கைக்குட்டையால் கிரீஸைத் துடைத்துப் பார்த்தாள்.

“அத்தை, இது பாதியில நிக்குது.”

அத்தை குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. “பக்கத்துக் கடையில காத்தடிக்கிற மோட்டார் ஓடுதே, அந்த இரைச்சல்ல...” என்றார்.

பக்கத்துக் கடை பூட்டியிருந்தது.

டீச்சரம்மா வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்வரை அத்தை அதே லாக்கைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, ஒவ்வொரு மிதிக்கும் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கடைக்கதவைப் பாதி இறக்கினார். பெருக்கினார். சக்கரங்களைச் சுற்றினார், நிறுத்தினார். முக்காலியிலிருந்து கிரீஸ் டப்பாவைத் தூக்கிக் கீழே வைத்தார், ஆனாலும் உட்காரவில்லை.

“டாக்டர்கிட்டப் போகலாம் அத்தை.”

“போகலாம், போகலாம். அதுவரைக்கும் கடையைப் பூட்டிட முடியுமா? ‘பின் சக்கரத்துல கிரீச்சுனு கேக்குது, என்னன்னு பாருங்க’ன்னுதானே எல்லாரும் வர்றாங்க? காது போச்சுன்னு தெரிஞ்சா எவன் வருவான்? உங்க மாமாவே மேல வந்து உக்காருன்னுடுவார். நான் எங்க உக்கார்றது?”

அத்தை சைக்கிள்களுக்கு மேலே தொங்கிய விளக்கை இழுத்து அவள் நாற்காலிக்கு நேராகக் கட்டினார். வெளிச்சம் போதுமா என்று புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

“நீ பாட்டுக்குப் படி. யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். நான் மிதிக்கும்போது டக்குனு உனக்குக் கேட்டா, புத்தகத்துல ஒரு பக்கம் திருப்பு. நான் பாத்துக்கறேன்.”

“படிச்சு முடிக்கலேன்னா?”

“திருப்பு. அப்புறமா வந்து படிச்சுக்கோ. ஆனா கேக்கலேன்னா, பக்கம் முடிஞ்சே போயிருந்தாலும் திருப்பிடாதே கண்ணு.”