முதலாளியின் வலது முட்டி

கோல்ஃப் என்கிற ஆட்டத்தை நான் சமையல்கட்டுச் சன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அதுவே எனக்கு அதிகம். ஒரு வளர்ந்த மனிதர், கோழிமுட்டை அளவில் ஒரு வெள்ளைப் பந்தைப் புல்லில் வைத்துவிட்டு, அதையே பார்த்தபடி குனிந்து நிற்பார். இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். கோலைப் பின்னால் தூக்கி ஓங்கி அடிப்பார். புல்லும் மண்ணும் பெயர்ந்து பறக்கும். பந்து வைத்த இடத்திலேயே கிடக்கும். பிறகு அதை முறைப்பார், தப்பு பந்துடையது மாதிரி.

அவர்தான் எங்கள் முதலாளி. சேலத்துக்காரர். எங்கள் மலையில் தேவனூர் நாட்டில் இடம் வாங்கி, மாடி வைத்து வீடு கட்டி, கேழ்வரகு விளைந்த மேட்டை மட்டம் பண்ணிப் புல் வளர்த்தார். மாடு மேயக் கூடாது, ஆடு வரக் கூடாது, அப்படி ஒரு புல். சனி, ஞாயிறுகளில் வந்து அதைக் கோலால் கொத்திவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் அங்கே காவல். எனக்குச் சமையல், பெருக்குகிற வேலை. பல வருசமாகியும் நான் முதலாளியிடம் நேருக்கு நேர் பேசினதில்லை. வெளி ஆண்கள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. காப்பியை மேசையில் வைப்பேன், உள்ளே வந்துவிடுவேன்.

அவருக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. நேரில் வரமாட்டார், போனுக்குள்ளிருந்துதான் பேசுவார். முதலாளி போனைக் கம்பியில் நிறுத்தி வைத்துவிட்டு அதற்கு முன்னால் அடிப்பார். வாத்தியாருக்கு எப்போது பார்த்தாலும் முட்டியைப் பற்றித்தான் பேச்சு.

"கோலைப் பின்னால தூக்கும்போது வலது முட்டி லேசா மடங்கினபடியே நிக்கணும் சார். வெளிப்பக்கம் சரியக் கூடாது. விறைச்சும் போகக் கூடாது. இடது முட்டி மட்டும் கொஞ்சம் உள்ளே வரட்டும், பந்தைப் பார்த்த மாதிரி."

"அப்படித்தானே செய்றேன்?"

"இல்ல சார். வலது முட்டி பாதத்தைத் தாண்டி வெளியே போயிடுச்சு. கூடவே உடம்பும் போயிடுச்சு. அதான் மண்ணுல அடிக்கிறீங்க."

இதற்கு அவர் காசு கொடுத்தாராம். தன்னுடைய முட்டி எங்கே இருக்கிறது என்று வேறொருவர் எங்கேயோ இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது! நாங்கள் இந்தச் சரிவில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு இறங்குகிறோம். போகிற வழியில் முட்டியிடம் விசாரித்துக்கொண்டா போகிறோம்?

முதலாளியையாவது விட்டுவிடலாம், அவருக்குப் பொழுது போகவேண்டும். என் வீட்டுக்காரருக்கு என்ன வந்தது? பந்து பொறுக்கப் போனவர், பக்கத்தில் நின்று தலையாட்ட ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளி அலுத்துப்போய்க் கோலைத் தரையில் போட்ட நேரத்தில், இவர் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, முட்டி நகருதுன்னுதான வாத்தியாரு சொல்றாரு? நா புடிச்சிக்கிறனுங்க."

"பிடிச்சிக்கிறீங்களா?"

"ஏணியப் புடிக்கிற மாதிரிங்க. அசைய உடமாட்டேன்."

மிளகு பறிக்கையில் எங்கள் பக்கம் ஒற்றை மூங்கில் ஏணியைத்தான் மரத்தில் சாய்ப்போம். ஒருவர் ஏறுவார், இன்னொருவர் அடியில் குந்தி மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். பிடிக்கிறவர் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, கண்ணில் குப்பை விழும். மேலே இருப்பவர் இறங்கும்வரை கையை எடுக்கவும் கூடாது. என் வீட்டுக்காரருக்கு வாழ்நாள் முழுக்க அந்த வேலைதான். மரம் ஏற அவருக்குத் தலை சுற்றும்.

முதலாளி இதற்குச் சிரிப்பார், வேண்டாம் என்பார் என்று பார்த்தேன். மேலே நிற்கிற முதலாளியும் கீழே குந்துகிற இவரும் ஒரே தரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "நல்ல ஐடியா பெரியவரே" என்று காலை அகட்டி நின்றார். இவர் பின்னால் போய்க் குந்தி, அந்த வலது முட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

முதலாளி அடித்தார். பந்து போனது. நேராக வேலிவரை போனது. இரண்டு பேரும் குழந்தை பிறந்த மாதிரி கத்தினார்கள்.

அதற்கப்புறம் வாரா வாரம் இதே கூத்து. ஊட்டிப் பக்கம் ஏதோ போட்டி வருகிறதாம், அதற்கு இவரையும் காரில் கூட்டிப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். பத்துப் பேர் பார்க்க, ஊரான் காலைக் கட்டிப் பிடித்துக் குந்துவதற்கு! இவர் செம்மேட்டுச் சந்தைக்குப் போய்ப் புது வேட்டி எடுத்து வந்தார்.

"அங்க குளுருமாம் புள்ள, கம்பளி எடுத்து வையி."

"காலப் புடிக்கப் போறவருக்குக் கம்பளி வேறயா?"

"உனக்கு என்ன தெரியும்? முட்டிதான் எல்லாம். வாத்தியாரே சொல்லிட்டாரு."

போட்டிக்கு முந்தின வாரம் முதலாளிக்கு வேகம் கூடிவிட்டது. முட்டி நகர வழியில்லாததால் கோலைத் தாழ்வாக முதுகுக்குப் பின்னால் வளைத்துக் கொண்டுபோனார். அந்த இரும்பு முனை என் வீட்டுக்காரரின் தலைத்துண்டைத் தட்டி எறிந்தது. அடுத்த அடிக்கு ஒரு விரல் இறங்கினால் மண்டை. இவர் நிமிரவே இல்லை. ஏணியடியில் குந்தியிருப்பதாக நினைப்பு. முதலாளி திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்படியே இருங்க பெரியவரே, அசையாதீங்க" என்று அடுத்த பந்தை வைத்தார்.

என் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. புல்லுக்குள் இறங்கி நடந்தேன். கூடையிலிருந்த பந்துகளையெல்லாம் அள்ளி மடியில் கட்டிக்கொண்டேன். முதலாளி காலடியில் இருந்ததையும் எடுத்து அதோடு போட்டேன். பொம்பளை மடியில் இருப்பதை இரண்டு ஆண்களில் யார் கை வைத்து எடுப்பது? 

"அம்மா, பந்து..." என்றார் முதலாளி.

அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் முட்டியைப் பார்த்துச் சொன்னேன். "அவர எந்திரிக்கச் சொல்லுங்க. மண்ட ஒடஞ்சா ஒட்ட வைக்க வாத்தியாரு இல்லீங்க."

"ஏ புள்ள, போ உள்ள! மானத்த வாங்காத" என்று கீழேயிருந்து இவர் கத்தினார். அப்போதும் முட்டியை விடவில்லை.

"எந்திரிக்கறவரைக்கும் நா நகர மாட்டேன்."

முதலாளி அப்போதுதான் தரையில் கிடந்த துண்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "விடுங்க பெரியவரே" என்றார். இரண்டு தடவை சொல்லவேண்டி வந்தது. இவர் எழுந்தபின், மடியை அவிழ்த்துப் பந்துகளைப் புல்லில் கொட்டிவிட்டு உள்ளே போனேன். குழம்பு அடிப்பிடித்திருந்தது.

போட்டிக்கு முதலாளி தனியாகத்தான் போனார். அன்று முழுக்க என் வீட்டுக்காரர் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலிலும் வீட்டிலுமாக நடந்தார். மத்தியானம் தட்டு வைத்ததும் சோற்றைப் பார்த்துச் சொன்னார்:

"இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க. நா இல்லாம அந்த முட்டி என்னாவுதோ."

"ஓடியா போவும்? ரெண்டு காலும் அவருகிட்டத்தான இருக்குது. தின்னுங்க."

தின்றார்.