பெண் பார்க்கப் போன இடத்தில் புல்வெட்டி

பெண் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் டெஸ்ட் பல்பு வைத்துக்கொண்டு போனவன் தென்காசித் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேண்டுமென்று வைக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வோல்ட் பல்பும் அதில் பற்றவைத்த இரண்டு ஒயரும் எப்போதும் என் பையில்தான் கிடக்கும். சட்டை மாற்றும்போது கை தானாக எடுத்துப் புதுச் சட்டையில் போட்டுவிட்டது.

அறுபதுகளின் நடுவில் அது. எனக்கு இருபத்தாறு வயது. தென்காசியில் பஸ், லாரிகளுக்கு டைனமோவும் எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரும் ரிப்பேர் பார்க்கிற கடையில் வேலை. தொழில் சுத்தம். வாய்தான் சரியில்லை. அதற்கு முன் பார்த்த இரண்டு இடமும் என் வாயால்தான் கெட்டன. இலத்தூரில் பெண்ணின் தகப்பனார் புது ரேடியோவைப் பெருமையாகப் போட்டுக் காட்டினார். கரகரவென்று இரைந்தது. "ஏரியல எந்த மடையன் கட்டுனான்?" என்று கேட்டேன். அவர்தான் கட்டியிருந்தார். இன்னொரு வீட்டில் நான் சொன்னதை அம்மா சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

ஆகவே அந்த ஐப்பசியில் குற்றாலம் பஸ் ஏறியதிலிருந்து அம்மா ஒரே பாட்டைத்தான் பாடினாள்.

"ஏலே, அங்கன போயி வாயத் தொறக்காத. கேட்டா மட்டும் பதில் சொல்லு. கேக்கலையா, பஜ்ஜியத் தின்னுட்டுச் சும்மா இரி."

மேலகரம் தாண்டுவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

பெண்ணின் தகப்பனார் குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்கு மேனேஜர். வெளியூர் முதலாளி ஒருவர் வருடத்தில் நாலு நாள் அருவியில் தலை நனைப்பதற்காகக் கட்டிப்போட்ட மாளிகை. மீதி நாளெல்லாம் அதில் ராஜ்யம் நடத்தியவர் இவர்தான். பங்களாவுக்குப் பின்னால் அவர் குடியிருக்கும் வீடு. முன்னால் ஒரு ஏக்கருக்குப் புல்தரை. முன்பெல்லாம் நாலைந்து பெண்கள் குத்தவைத்து அரிவாளால் அதை அறுப்பார்கள். அந்த வருடக் கோடையில் மலை எஸ்டேட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் சாமான்களை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்ப, மேனேஜர் முதலாளியிடம் மன்றாடி ஒரு இயந்திரத்தை வாங்க வைத்தார். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி. நாலு சக்கரம், ஸ்டியரிங், இரும்பு சீட்டு, வயிற்றுக்கு அடியில் சுற்றுகிற கத்தி. சாவியைத் திருப்பினால் கார் போல ஸ்டார்ட் ஆகும். அது வந்த மறுநாளே அறுப்புக்கார அம்மாக்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் போய் இறங்கியபோது எங்களை வரவேற்க ஆள் இல்லை. மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்தரை நடுவில் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். புல் முழங்கால் உயரம். இயந்திரத்தின் மூக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

"வாங்க, வாங்க," என்றவர் அடுத்த மூச்சில், "தம்பி எலக்ட்ரிக் வேலதான பாக்குதிய?" என்றார்.

ஆமாம் என்றேன். கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து இயந்திரம் ஸ்டார்ட் ஆகவில்லையாம். பேட்டரியைத் தென்காசிக்கு அனுப்பி இரண்டு தடவை சார்ஜ் போட்டாகிவிட்டது. பயனில்லை. இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு முதலாளி தன் சம்பந்தி வீட்டாரோடு வருகிறார். மெஷின் புல் வெட்டுவதை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கடிதம் எழுதியிருக்கிறார்.

"ஓடலைன்னா மொதலாளி இத பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட்டு, கூடவே என்னயும் போட்டுருவாவ. மெஷின் ஓடட்டும். மத்தத பெறகு பேசிக்கிடலாம்."

மத்தது என்றால் நான். என் கல்யாணம்.

இதைக் கேட்டதும் "நான் என்ன கொத்தனாரா, வந்த வீட்டில் வேலை செய்ய?" என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் நாங்கள் பார்க்க வந்த பெண் என் அம்மாவுக்குக் காபி கொண்டுவந்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்வை என் முகத்தில் நிற்கவில்லை. சட்டைப்பையில் எட்டிப்பார்த்த பல்பில் போய் நின்றது. வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்துவிட்டது. இந்தப் பெண்தான், வேறு யாரும் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். வெட்டி வீறாப்பை விட்டுவிட்டு வெள்ளை வேட்டியோடு ஈரப்புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

மேனேஜரை என்னவென்று கூப்பிடுவது என்பது தனிச் சிக்கல். 'அண்ணாச்சி' என்றால் பெண் எனக்கு மகள் முறை ஆகிவிடுவாள். 'மாமா' என்றால் அவசரம். எனவே 'இங்க பாருங்க' என்றே கடைசிவரை ஓட்டினேன்.

சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் சுற்றவில்லை.

"செல்ஃபு எரிஞ்சு போச்சோ?" என்றார் மேனேஜர்.

பல்பின் ஒயர்களைப் பேட்டரியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு ஈயக் கம்பங்களின் உச்சியிலும் வைத்தேன். பளீரென்று எரிந்தது. அவரைச் சாவி திருப்பச் சொன்னேன். அப்போதும் வெளிச்சம் குறையவில்லை. பேட்டரி நன்றாக இருந்தது.

"நாந்தான் சொன்னம்லா, பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. கண்ணு பட்டுருக்கு தம்பி. அந்த அறுப்புக்காரிய கண்ணு."

அடுத்து செல்ஃப் மோட்டாரில் ஒயர் வந்து சேரும் சுவிட்சில் பல்பை வைத்தேன். எரிந்தது. மறுபடியும் சாவியைத் திருப்பச் சொன்னேன். பல்பு சட்டென்று அணைந்தது. சாவியை விட்டதும் எரிந்தது. பேட்டரியில் கரண்ட் இருக்கிறது; மோட்டாருக்கு வந்து சேரும் வழியில் எங்கோ அடைப்பு. ஒரு பல்புக்குப் போதுமான அளவு கசிகிறது, மோட்டார் கேட்கிற அளவு வரவில்லை.

"ஒம்ம லாரி வேல இல்ல தம்பி இது. சீம மெஷினு. உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா ஒமக்கு?" என்றார் மேனேஜர். நேரம் ஆக ஆக அவர் பேச்சில் எனக்கு மரியாதை குறைந்துகொண்டே வந்தது.

தலையைத் தூக்கினேன். அம்மா தூரத்திலிருந்து இருமினாள். தலையைத் தாழ்த்திக்கொண்டேன். அந்த இருமல் இல்லாவிட்டால் இன்றைக்கும் நான் பிரம்மச்சாரிதான்.

எர்த் ஒயரை இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தோடு முறுக்கியிருந்த இடம் சுத்தமாக இருந்தது. மீதி, பேட்டரி கம்பத்தைப் பிடிக்கிற கிளாம்ப். அதன் மேல் குங்குமப் பொட்டு அழகாக இருந்தது. விரலை வைத்தேன். சுட்டது. சுடுகிற இணைப்பு கெட்ட இணைப்பு, இது எங்கள் கடையில் பூஜைக்குத் தேங்காய் உடைக்கிற பையனுக்கும் தெரியும். போல்ட்டைத் தளர்த்திக் கிளாம்பை உருவினேன்.

உள்ளே சந்தனம்.

கம்பத்தைச் சுற்றி, கிளாம்பின் உள்வட்டத்தில், காய்ந்து ஓடாகிப்போன சந்தனம். பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். ஒரு பூச்சு அல்ல, மூன்று பூச்சு. ஆயுத பூஜைக்கு மேனேஜர் கிளாம்பைக் கழற்றி, பேட்டரியைத் துடைத்து, கம்பங்களுக்குச் சாமி சிலைக்குச் சாத்துவது போலச் சாத்தி, அதன் மேல் கிளாம்பை மாட்டியிருக்கிறார். ஓடாமல் போனதும் சார்ஜுக்கு அனுப்பி, திரும்பி வந்த ஒவ்வொரு தடவையும் நல்லபடியாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இன்னொரு பூச்சு. அந்த மனிதர் இயந்திரத்தைப் பக்தியால் அடைத்துக் கொன்றிருந்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. லாரி வேலை இல்லை என்றாரே, இப்போது கொடுக்கிறேன் பதில் என்று திரும்பினேன். அந்த நிமிஷம் பார்த்து இரண்டு கார்கள் கேட்டுக்குள் நுழைந்தன. முதலாளி இறங்கினார். பின்னால் பட்டும் ஜரிகையுமாகச் சம்பந்தி வீட்டார்.

"என்ன மேனேஜர், மெஷின் படுத்துக்கிச்சா? யார் இவர்? என்ன கோளாறாம்?"

மேனேஜர் என் கையைப் பார்த்தார். கத்தி முனையில் சந்தனப் பொடி. அவர் முட்டாள் இல்லை, பார்த்ததும் புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தம் இல்லை. காலையிலிருந்து ஓயாமல் பேசிய மனிதர் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்படி ஒரு உணர்ச்சி எனக்குள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாக்கு நுனியில் 'சந்தனம்' நின்றது. பல்லைக் கடித்தேன்.

"மலைக் காத்துல ஈரம் ஜாஸ்தி. ஒயர் முனையில களிம்பு ஏறிட்டு. சொரண்டிட்டேன்," என்றேன்.

பேசிக்கொண்டே மிச்சத்தைச் சுரண்டி, வேட்டி நுனியால் கம்பத்தைத் துடைத்து, கிளாம்பை இறுக்கினேன். மேனேஜர் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். இயந்திரம் கர்ஜித்தது. எலுமிச்சம்பழம் குதித்து விழுந்து கத்தியில் அரைபட்டது. சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு ஏக்கரையும் அவர் இறங்காமல் வெட்டி முடித்தார். எங்களுக்கு இரண்டாம் ஈடு பஜ்ஜி வந்தது.

தையில் கல்யாணம். சம்பந்தம் ஏன் இவ்வளவு லேசாக முடிந்தது என்று அம்மாவுக்கு விளங்கவேயில்லை. மாமனார் என்னிடம் சந்தனப் பேச்சை எடுத்ததில்லை. ஆனால் அதற்கப்புறம் ஆயுத பூஜைக்குச் சீட்டுக்கு மட்டும்தான் பொட்டு வைத்தார், அதுவும் தள்ளி நின்று ஒற்றை விரலால்.

கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கும். கடையில் ஒரு பஸ் முதலாளியை நான் ஏதோ கேட்டுவிட, அவர் வண்டியை வேறு கடைக்குக் கொண்டுபோய்விட்டார். வீட்டுக்கு வந்து அவரைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். மனைவி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சந்தனத்த அரச்சுக் குடுத்தது நாந்தான். மூணு தடவையும்," என்றாள்.

கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"நீங்க சொரண்டும்போது பங்களா சன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் நின்னேன். மொதலாளி முன்னால எங்கப்பாவக் காட்டிக் குடுத்திருந்தியன்னா, மாப்பிள்ள வேண்டாம்னு சொல்லியிருப்பேன். நீங்க வாயத் தொறக்கல. ஆகா, அடக்கமான மனுசன்னு நெனச்சேன்."

ரசச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"அந்த ஒரு நாளு மூடுன வாயப் பாத்து ஏமாந்து போயிட்டேன்."