ரத்னா எழுதிய விலாசம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்குத் தேதி, மணி எல்லாம் நினைவிருக்கிறது.

1974-ல் மேற்படிப்புக்காக ஓராண்டு இங்கிலாந்து போனேன். செங்கல்பட்டில் எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் பெண் நான்.

அக்டோபரில் தங்கை ரத்னாவின் கடிதம் வந்தது. மாமல்லபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை செல்வராஜை அவள் விரும்பினாள். அப்பாவோ வேறு இடம் பேசி முடிக்க இருந்தார்.

'நைனா உன் பேச்சைத்தாங்கா கேப்பாரு. தீபாவளிக்குள்ள அவருக்கு ஒரு லெட்டர் போடு. எட்டாங் கிளாஸோட நின்னுட்ட நான் சொன்னா எடுபடுமா?'

சிரித்துக்கொண்டே அதைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்தேன். நாளைக்கு எழுதலாம் என்று. தீபாவளி போனதே தெரியவில்லை.

நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. மாலை நான்கு பத்து. அந்த ஊரில் அதற்குள் இருட்டிவிடும். அறையில் தனியாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

சொட்... சொட்...

குழாயை இறுக மூடினேன். நிற்கவில்லை.

உப்புக் காற்றின் வாடை. கடலோ அறுபது மைலுக்கு அப்பால்.

திரும்பினேன்.

கட்டிலில் ரத்னா. தலைமுடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, எழுதிட்டியா?"

பயத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது.

"தோ... எழுதறேன்டி."

"விலாசம் நான் எழுதிக்கிறேன். உன் கிறுக்கல் போஸ்ட்மேனுக்குப் புரியாது."

வெளிநாட்டுத் தபாலுக்கான நீல ஏரோகிராம் தாளை எடுத்தேன். எழுதினேன். 'நைனா, ரத்னாவை அவள் விரும்பிய இடத்திலேயே கட்டிக் கொடுங்கள்.'

நிமிர்ந்தேன். கட்டில் காலி.

நான்கு இருபத்தைந்து.

மேசையில் கடிதமும் இல்லை.

விரிப்பைத் தொட்டேன். ஈரம்... மணல்.

படிப்புக் களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். வீட்டுக் கடிதங்களும் 'எல்லோரும் சௌக்கியம்' என்றே வந்தன. மறுபடி எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். எழுதவில்லை.

1975 செப்டம்பரில் வீடு திரும்பினேன். கூடத்தில் ரத்னாவின் படம். மாலை போட்டிருந்தது.

தீபாவளிக்கு மறுநாள் மாமல்லபுரத்தில் கடலுக்குள் இறங்கியிருக்கிறாள்.

"உன் பரீட்சை கெட்டுடும்னு யாரும் சொல்லலம்மா" என்றார் அப்பா. சட்டைப் பையிலிருந்து ஒரு நீலக் காகிதத்தை எடுத்தார். "இது ரெண்டு வாரம் முந்தி வந்திருந்தா, அந்தப் பையனுக்கே குடுத்திருப்பேன்."

உள்ளே என் எழுத்து.

மேலே மாமல்லபுரம் தபால் நிலைய முத்திரை. 23 நவம்பர் 1974.

விலாசம்... ரத்னாவின் கையெழுத்து.