கடைசி இடமும் ரஞ்சிக்கே

“பிரேக் பிடிக்குதில்லை, மேரி” என்று என் கணவர் சேவியர் சொன்னபோது, ரொக்கி மலையின் செங்குத்தான ஓர் இறக்கத்தில் எங்கள் வாகனம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் எங்கள் மகள் ஷாரன் இருந்தாள். அந்த நேரத்திலும் என் மனம் ரஞ்சியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. ஆகவே என் சகோதரங்களே, ஆண்டவர் எங்களைக் காப்பாற்றிய கதையை ரஞ்சியிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

ரஞ்சியும் நானும் ஒரே குளிர்காலத்தில் கனடாவுக்கு வந்தவர்கள். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே மாடியில் குடியிருந்தோம். பிறகு அவளுடைய கணவர் அன்ரன் ட்ரக் ஓடத் தொடங்கினார். பிறம்ரனில் வீடு வாங்கினார்கள். நாங்கள் வெக்ஸ்போர்டில் வாடகை அப்பாட்மென்ரில் இருந்தோம். கோவிலில் அவள் பாடினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவளோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. அவள் சிரித்துக்கொண்டு வருவதைக் கண்டால் வயிறு எரியும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். கல்கரிக்குப் பறந்துபோய், படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள ஆர்.வி. வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மலைப் பூங்காக்களைச் சுற்றப் போவதாக ரஞ்சி பூசை முடிந்ததும் சொன்னாள்.

“நாங்களும் வாறம்” என்றேன். சேவியர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய வாகனத்தை அவர் வாழ்நாளில் ஓட்டியதில்லை.

அவர்களுக்குப் புது வாகனம் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது பழையது. கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும். பச்சை ஏரிகளும் பனி மூடிய சிகரங்களும் கண்முன்னே நின்றன. நானோ ரஞ்சியின் யன்னல் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடை விடுமுறைக் காலம். இப்படியான வாகனங்கள் இரவு தங்கும் எந்த முகாமிலும் முந்தி வருபவர்களுக்குத்தான் இடம். ஒருநாள் மத்தியானம், நாங்கள் பெற்றோல் அடிக்க நின்ற நேரத்தில் அவர்கள் முந்திப்போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். கடைசி இடம் அவர்களுக்குப் போனது. எங்களுக்கு முன்னால் ‘இடமில்லை’ என்ற பலகையை முகாம்காரர் வைத்தார்கள். ரஞ்சி யன்னலால் கை காட்டினாள். நான் பதிலுக்குக் கை காட்டவில்லை.

“மலைக்கு அங்கால இன்னொரு காம்ப் இருக்காம்” என்றார் சேவியர்.

“ஓடுங்கோ” என்றேன்.

கையில் செபமாலை இருந்தது. வாயில் வந்ததோ செபமில்லை. ‘ஏன் ஆண்டவரே, எல்லாம் அவளுக்கு மட்டும்?’ என்று கேட்டுக்கொண்டே வந்தேன். பாதை இறங்கத் தொடங்கியது. சேவியர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவேயில்லை.

“அம்மா, ஏதோ எரியிற ஸ்மெல் வருது” என்றாள் ஷாரன்.

அதற்குப் பிறகுதான் சேவியர் அந்த வார்த்தையைச் சொன்னார். பிரேக் அடிமட்டம் வரை போனது, வாகனம் நிற்கவில்லை. வேகம் கூடியது. அலுமாரிக் கதவுகள் திறந்து பாத்திரங்கள் விழுந்தன. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம். நான் ஷாரனைத் திரும்பிப் பார்த்தேன்.

“மடு மாதாவே, என்ர பிள்ளை!”

அவ்வளவுதான் என் செபம். வேறொன்றும் கேட்கவில்லை. வீடும் கேட்கவில்லை, இடமும் கேட்கவில்லை.

வளைவு திரும்பியதும் வலப்பக்கமாக ஒரு சரளைக்கல் பாதை மேல்நோக்கிப் பிரிந்து போனது. சேவியர் அதற்குள் திருப்பினார். சில்லுகள் கல்லுக்குள் புதைந்தன. வாகனம் உறுமி, குலுங்கி, நின்றது. பிரேக் போன வாகனங்கள் ஏறி நிற்பதற்கென்றே அமைத்த பாதை அது. சேவியருக்கு அது தெரியாது. ஏன் திருப்பினீர்கள் என்று பிறகு கேட்டேன். “மேல போற பாதை எண்டு மட்டும்தான் தெரிஞ்சுது” என்றார்.

ஷாரனைக் கட்டிப்பிடித்தபடி கல்லின்மேல் இருந்து அழுதேன். சற்று நேரத்தில் இன்னொரு வாகனம் வந்து ஓரமாக நின்றது. அதிலிருந்து ரஞ்சி செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

“மேரி அக்கா! பிள்ளைக்கு ஒண்டுமில்லையே?”

“ஓம், ஒண்டுமில்லை. நீ ஏன் இஞ்ச வந்தனி?”

“உங்களை அனுப்பிப்போட்டு என்னால அங்க இருக்க ஏலாமப் போச்சு. காம்ப் ஆக்களிட்டக் கெஞ்சிக் கேட்டம். ஒரு இரவுக்கு ரெண்டு வண்டியும் ஒரே இடத்தில நிண்டாப் பரவாயில்லையாம். அதுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தனாங்கள்.”

எந்த இடத்துக்காக நான் எரிந்துகொண்டு வந்தேனோ, அதே இடத்தில் எனக்குப் பாதி தரத்தான் அவள் பின்னால் வந்திருக்கிறாள். அவளும் அழுதாள். உண்மையைச் சொல்கிறேன், அழும்போதும் அவள் வடிவாக இருந்தாள். அதையும் என் கண் கவனித்தது.

பழுதான வண்டிகளை இழுக்கும் லொறிக்காரர் வந்து எங்கள் வாகனத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றிரவு இரண்டு குடும்பமும் ரஞ்சியின் வாகனத்தில் நெருக்கிப் படுத்தோம். பெரிய கட்டிலை எனக்கும் ஷாரனுக்கும் தந்துவிட்டு ரஞ்சி கீழே படுத்தாள். முதன்முறையாக அவளுடைய பெயரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி கூறினேன்.

என் எரிச்சல் அன்றோடு செத்துப்போனது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. பிறகொருநாள் ரஞ்சியின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்தது என்று கேள்விப்பட்டபோது மறுபடியும் எரிந்தது. உடனே முழங்காலில் நின்று, அந்தப் பிள்ளைக்காகச் செபித்தேன். எழும்பும்போது நெஞ்சு இலேசாக இருந்தது. இப்போது அதுதான் என் வழக்கம்.

சகோதரங்களே, யாரைக் கண்டால் உங்களுக்கு வயிறு எரிகிறதோ, அவர்களுடைய பெயரை இன்றைக்கு ஆண்டவரிடம் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கான உதவியை அவர் அவர்களுடைய கையில்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறாரோ, யார் கண்டது?